பூபாலசிங்கத்தின் கொப்பி

அத்தியாயம் 17

மூன்று நாளாக ஊசி ஏறியும் இருளப்பனுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை.

திங்கட்கிழமை கொட்டாஞ்சேனை வீட்டில் நடுங்கத் தொடங்கிய மனிதர். த்ரீவீலரில் தூக்கி வைக்கும்போதே கண் இரண்டும் மஞ்சளாகியிருந்தன. பெப்ரவரியில் பித்தக் குழாயில் இருந்த கல்லை எடுத்துவிட்டு, பித்தம் வழிந்தோட ஒரு பிளாஸ்டிக் குழாயை உள்ளே வைத்து அனுப்பியிருந்தார்கள். மூன்று மாதத்தில் வந்து மாற்றச் சொன்னதை யாரும் மாற்றவில்லை. இப்போது ஆகஸ்ட். குழாய் அடைத்து, அடைத்த இடத்தில் கிருமி பெருகி, இரத்தத்துக்குள் இறங்கிவிட்டது என்றார்கள் வார்ட்டில்.

துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் மூட்டை தூக்கிய உடம்பு. வலது தோளில் காய்ப்பு மட்டும் கல்லுப் போல அப்படியே இருந்தது. மற்றதெல்லாம் மூன்றே நாளில் வற்றிவிட்டது.

மருமகள் மரியகொறற்றி வியாழன் காலையும் வெள்ளவத்தையிலிருந்து வந்தாள். அங்கே மருந்து விற்கும் ஒரு பாமசியில் அவளுக்கு வேலை. புருசன் முத்துலிங்கம் கட்டாரில். போன டிசம்பர் நத்தாருக்கு மாமியோடு மூண்ட சண்டைக்குப் பிறகு கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு, வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்துத் தனியே இருந்தாள். சண்டை இன்னும் ஆறவில்லை. ஆனால் வார்ட்டில் டொக்டரோடு சிங்களத்தில் கதைக்க ஒரு வாய் வேண்டும். மாமி இராமலெட்சுமிக்குத் தெரிந்த சிங்களம் புறக்கோட்டை மிளகாய்க் கடையில் படித்தது. விலை பேசத்தான் அது உதவும்.

"வந்துட்டியா?" இராமலெட்சுமி கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே கேட்டாள். "கடைய யாரு பாக்குறது?"

"அரை நாள் லீவு மாமி. மாமாவுக்கு எப்பிடி?"

"கண்ணு இருக்குல்ல. பாரு."

கொறற்றி கொண்டுவந்த செவ்விளநீர்ப் போத்தலை வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள் மாமி. பிறகுதான் மேசையில் வைத்தாள்.

கொறற்றி அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தாள். மூன்று நாளாக அவளும் மாமியைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள். மாமி தேத்தண்ணி குடிக்கக்கூட வெளியே போவதில்லை. டொக்டர் வரும் நேரம் கட்டிலோடு ஒட்டிக்கொள்கிறாள். டொக்டர் கேள்வியை முடிக்கும் முன்னே பதில் வந்துவிடுகிறது. முன்னே காய்ச்சல் வந்ததா? இல்லை. வேறு மருந்து எடுத்தாரா? இல்லை. வேறு எங்காவது காட்டினீர்களா? இல்லவே இல்லை. போர்க்காலத்தில் சந்திக்குச் சந்தி மறித்து விசாரிக்கும் ஊரில் எல்லோருக்கும் பழகிப்போன பதில்தான். ஆனாலும் புருசனின் காய்ச்சலைப் பற்றிக் கேட்கும்போது ஒரு பெண்சாதி கொஞ்சமாவது யோசிப்பாள். மாமி யோசிக்கவேயில்லை.

எட்டரைக்கு டொக்டர் வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும் சிங்களப் பெண். தூக்கம் இல்லாத முகம். இருளப்பனின் கன்னத்தை இரண்டு தட்டுத் தட்டிப் பெயர் கேட்டார்.

"தாத்தே, நம மொகத?"

இருளப்பன் கண்ணைத் திறந்தார். உதடு வெடித்திருந்தது.

"பூபாலசிங்கம்."

டொக்டர் கட்டிலில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். "வயசு?"

"நாப்பத்தொம்பது."

"ஊர்?"

"வவுனியா. முந்தி கிளிநொச்சி."

"காச்சல், நோனா," இராமலெட்சுமி பாய்ந்து வந்தாள். "காச்சல்ல பெனாத்துறாரு. புத்தி இல்ல." தெரிந்த சிங்களத்தில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

டொக்டர் அட்டையில் 'மனக்குழப்பம்' என்று எழுதினார். பிறகு கொறற்றியை வாசல் பக்கம் அழைத்துப் போய்ச் சிங்களத்தில் பேசினார்.

"பிரஷர் இறங்குது. இரத்தத்தில கிருமி வளருது. எந்த மருந்துக்கு அது சாகும் எண்டு நாளைக்குத்தான் லாப் சொல்லும். நாளை வரைக்கும் இவர் தாங்குவாரோ தெரியாது. நான் குடுக்கிற ஊசிக்கு மூண்டு நாளில காய்ச்சல் இறங்கியிருக்கோணும். இறங்கேல்ல. அப்பிடியெண்டால் இந்தக் கிருமி மருந்தை முந்தியே சந்திச்சு, அதுக்குத் தப்பிப் பழகினது. உங்கட ஆக்கள் எனக்கு எதையோ மறைக்கினம்."

"பெரிய மருந்து இல்லையா டொக்டர்?"

"இருக்குது. கொஞ்சம்தான் இருக்குது. காரணம் எழுதி, பெரிய டொக்டர் கையெழுத்து வைச்சால்தான் தருவினம். எது கேக்கும் எண்டு தெரியாமல் ஒவ்வொண்டாய்ப் போட்டுப் பார்க்க எனக்கு நேரமும் இல்லை. உண்மை தெரிஞ்சால் இண்டைக்கே சொல்லுங்கோ."

டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கொறற்றி அங்கேயே நின்றாள். புத்தி தடுமாறினவன் பெயர், வயது, ஊர் மூன்றையும் தட்டாமல் வரிசையாகச் சொல்ல மாட்டான். அதுவும் இன்னொருவனுடைய பெயர், வயது, ஊரை. மாமா பிதற்றவில்லை. பாடமாக்கியதை ஒப்புவித்தார்.

பூபாலசிங்கம் மாமியின் தம்பி. முத்துலிங்கத்துக்குத் தாய்மாமன், கொறற்றிக்கு முறைக்குச் சித்தப்பா. எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்குப் போனவர். போன ஏப்ரலில் வவுனியாவிலிருந்து கொழும்புக்கு, அக்கா வீட்டுக்கு வந்தார். கொழும்பில் தங்கும் வடக்குத் தமிழர் செய்யவேண்டிய பொலிஸ் பதிவில், ஏன் வந்தாய் என்ற கேள்விக்கு, வைத்தியம் செய்துகொள்ள என்று எழுதியிருந்தது. மே மாதம் அவருக்கு வயிற்று வருத்தம், இதே ஆஸ்பத்திரியில் பத்து நாள் என்று மாமி போனில் சொன்னாள். பார்க்க வரவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று வெட்டிவிட்டாள். மாமா எங்கே என்று கேட்டதற்குத் தலவாக்கொல்லையில் ஒரு சாவு என்றாள்.

ஒரு சாவுக்குப் பத்து நாளா என்று அன்றைக்கே கொறற்றிக்குத் தோன்றியது. சண்டைக்காரி கேட்கக்கூடாது என்று விட்டுவிட்டாள்.

மாமியின் முழங்கையைப் பிடித்து மாடிப்படிப் பக்கம் இழுத்துப் போனாள்.

"மே மாசம் இஞ்ச படுத்தது ஆரு மாமி?"

"என் தம்பி. எத்தன தடவ சொல்றது?"

"சித்தப்பாவுக்கு என்ன வருத்தம்?"

"வயித்துல."

"வயித்தில என்ன?"

"நீ என்னா பொலிசா?" மாமியின் குரல் படிக்கட்டில் மோதித் திரும்பியது. "அந்த நோனாகிட்ட சிங்களத்துல குசுகுசுன்னு என்னா சொன்ன? ஒண்ணும் புரியாதுன்னு நெனச்சியா? மறைக்கிறாங்கன்னு அவ சொன்னது எனக்குக் காதுல விழுந்திச்சு."

"அவ சொன்னது சரிதானே. மே மாசம் படுத்தது மாமா. சித்தப்பாவின்ர பேரில. ஓமோ இல்லையோ?"

இராமலெட்சுமி மேலும் கீழும் பார்த்தாள். படியில் ஒரு சுத்திகரிப்புத் தொழிலாளி வாளியோடு ஏறிக்கொண்டிருந்தான். அவன் அவர்களைக் கடந்து மேலே போனான்.

"மாமி, அப்ப குடுத்த மருந்து என்னெண்டு தெரியாட்டி, இப்ப ஏத்துறது வெறும் தண்ணி. விளங்குதா? மாமா செத்துப் போவார்."

"எனக்கு ஒரு புருசன். ஒரு தம்பி." மாமி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினாள். "எவனக் குடுக்கச் சொல்ற?"

கொறற்றிக்கு அது போதுமாக இருந்தது.

கொட்டாஞ்சேனை பஸ்ஸில் சோதனைக்காக இருமுறை இறக்கி ஏற்றினார்கள். இரண்டாவது இடத்தில் ஆமிக்காரன் அவளுடைய அடையாள அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அதற்கே அரைமணி போனது.

பூபாலசிங்கம் வீட்டுக்குள்ளேயும் கால்சட்டை, சேர்ட் போட்டுத்தான் இருப்பார். காலில் செருப்பு. பொக்கற்றில் அடையாள அட்டை. கதவு தட்டினால் உடுப்பு மாற்ற நேரம் தரமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. அடுப்படியில் குந்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர், கொறற்றியைக் கண்டதும் கண்ணைத் துடைத்தார்.

"வா புள்ள. வெங்காயம்தான், அழுகுறேன்னு நெனச்சிராத. என்னா, எங்கக்கா தொரத்திவிட்டாளா?"

"மாமா தன்ர பேர் பூபாலசிங்கம் எண்டு டொக்டரிட்ட சொன்னவர்."

கத்தி நின்றது.

"சொல்லிட்டாரா?" என்றார் கடைசியில். "காச்சல்லயும் மறக்கல பாரு மனுசன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மறைக்க முயலவில்லை. வைத்தியத்துக்கு வந்ததென்றால் ஒரு வாரத்துக்குள் ஆஸ்பத்திரிக் கடிதம் காட்டு, இல்லாவிட்டால் வவுனியாவுக்குத் திரும்பிப் போ என்று பொலிசில் சொல்லியிருந்தார்கள். திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று அவர் விவரிக்கவில்லை. அவருடைய மூத்த மகன் போன வருடம் சந்தைக்குப் போய்த் திரும்பி வராதவன். அந்த வாரத்தில்தான் இருளப்பனுக்கு முதல் காய்ச்சல் அடித்தது.

"அத்தான்தான் சொன்னாரு. எனக்கு வர்ற காச்சல் ஒன் பேருல வரட்டும்டா, சும்மா போகப்போற காச்சல்தானேன்னாரு. பழைய ஆஸ்பத்திரித் துண்டெல்லாம் வன்னியில தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி, என் பேரக் குடுத்துப் படுத்துக்கிட்டாரு. நான் பக்கத்துல இருந்து பேரு, வயசு, ஊரு சொல்லிக்குடுத்தேன். பத்து நாள். சுகமாகி வந்தப்ப சிரிப்பா சிரிச்சோம். குழாய மாத்த நாள் குடுத்தாங்க. காச்சல்தான் விட்டுப்போச்சேன்னு போகல."

"ஆஸ்பத்திரியில தந்த கொப்பி எங்க?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். சேர்ட்டின் உள்பொக்கற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சிகிச்சை விவரம் எழுதி, பொலித்தீன் பையில் சுற்றிய கிளினிக் கொப்பியை எடுத்து, வெங்காயத் தோலுக்கு மேலே வைத்தார்.

இவ்வளவு இலகுவில் தருவார் என்று கொறற்றி நினைத்து வரவில்லை. அதனாலேயே சந்தேகம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். பக்கம் கிழிந்திருக்கிறதா, வேறு கொப்பியா என்று பார்த்தாள்.

"எண்ணிக்கோ, எண்ணிக்கோ. நான் திங்கல," என்றார் பூபாலசிங்கம்.

நடுப்பக்கத்தில் லாப் துண்டு பின் அடித்திருந்தது. இரத்தத்தில் வளர்ந்த கிருமியின் பெயர். கீழே மருந்துகளின் பெயர்கள் ஒரு பட்டியல். ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரே ஆங்கில எழுத்து: இந்தக் கிருமிக்குக் கேட்காது. கேட்காது. கேட்காது. வார்ட்டில் மூன்று நாளாக ஏற்றும் ஊசியின் பெயர் இருந்தது. அதற்கும் கேட்காது. சிப்ரோ மாத்திரைக்கும் கேட்காது.

சிப்ரோ என்ற பெயரில் அவள் விரல் நின்றது. தன் கவுண்டரில் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு அதை வெட்டிக் கொடுக்கிறாள். டொக்டரின் துண்டு இல்லாமல் வருவார்கள். நாலு குளிசை போதும் தங்கச்சி, காய்ச்சல் விட்டால் சரி என்பார்கள். அவளும் கத்தரிக்கோலால் நாலு வெட்டிக் கொடுப்பாள்.

பட்டியலின் அடியில் மெரோபெனம் என்ற பெயருக்கு நேரே மட்டும் வேறு எழுத்து. அது கேட்கும். அதற்குக் கீழே டொக்டரின் கையெழுத்தில், அதைத் தொடங்கி மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது என்று இருந்தது.

"இதை நான் கொண்டு போறன் சித்தப்பா."

"வியாழக்கிழமைன்னா ரெண்டு மணிக்கு மேல பொலிசு வந்து வீட்டச் சோதிப்பானுக. நான் நோயாளின்னு காட்டக் கொப்பி எங்கன்னு கேப்பானுக."

"என்ன சொல்லுவீங்கள்?"

"ஆஸ்பத்திரியில இருக்குன்னுதான். பொய் இல்லயே." வெங்காயத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "நீ எந்த வார்ட்டுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ. கேட்டா முழிக்கக் கூடாது."

சொல்லலாமா என்று அவளுக்குத் தயக்கம். சொன்னாள்.

வார்ட்டுக்குத் திரும்பும்போது மணி ஒன்றரை. இருளப்பனுக்குக் கண் செருகியிருந்தது. நேர்ஸ் இரண்டாம் முறை பிரஷர் பார்த்துவிட்டு டொக்டரிடம் ஓடினாள். இராமலெட்சுமி மருமகளின் கைப்பையைத்தான் முதலில் பார்த்தாள்.

"கொண்டு வந்துட்டியா?"

"ஓம்."

"கிழிச்சு அந்தத் துண்ட மட்டும் காட்டு. பேரு இருக்குற எடத்த மடிச்சுப் புடிச்சுக்க."

"மடிச்ச துண்டைப் பார்த்து அவ மருந்து எழுதுவாளா மாமி?"

கொறற்றி டொக்டரின் அறை மேசையில் கொப்பியை முழுதாக வைத்தாள்.

டொக்டர் படித்தார். லாப் துண்டை இரண்டு முறை படித்தார். பிறகு கொப்பியின் அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தார்.

"காலையில இவர் சொன்ன பேர்."

"ஓம்."

"அப்ப அவருக்குக் குழப்பம் இல்லை. எனக்குத்தான் குழப்பம். ஏன் இப்பிடிச் செய்தவை?"

"மருந்தை எழுதுங்கோ டொக்டர். ஏன் எண்டதைப் பிறகு கேளுங்கோ."

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று கொறற்றியால் கண்டுபிடிக்க முடியவில்லை. கோபமா, பயமா, இல்லை இவள் யார், பின்னால் யார் என்ற கணக்கா. அந்தக் காலத்தில் தமிழ் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அந்தக் கணக்கு ஓடும்.

"மே மாசத்துக் கிருமிதான் இப்பவும் எண்டதுக்கு உத்தரவாதம் இல்லை," என்றார். "ஆனால் இது பெரிய டொக்டருக்குக் காட்டப் போதும்."

போனை எடுத்தார். கையெழுத்து வந்தது. இரண்டேகாலுக்கு ஊசி மருந்து வந்தது. சின்னப் போத்தலில் வெள்ளைத் தூள். நேர்ஸ் அதைக் கரைத்துச் சேலைன் குழாயில் ஏற்றினாள். பிரஷர் நிமிர்ந்தால் நாளைக்கே அடைத்த குழாயை மாற்றுவோம் என்றார் டொக்டர்.

கொறற்றி கையை நீட்டினாள். "கொப்பியைத் தாங்கோ டொக்டர்."

"இல்லை. நாளைக்குக் குழாய் மாத்துற டொக்டருக்கும் இது வேணும். இந்த நோயாளியின்ர சரித்திரம் இதுக்குள்ளதான் இருக்குது." மேசை லாச்சியைத் திறந்து கொப்பியைப் போட்டுப் பூட்டினார். "யாருக்கு இது வேணுமோ, அவர் வந்து என்னட்டக் கேக்கட்டும்."

இராமலெட்சுமிக்கு மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. பூட்டுச் சத்தம் கேட்டது.

"கைகாரி நீ," என்றாள். "ஒரே நாளுல எங்க வீட்டு ரெண்டு ஆம்பளையையும் அவ கையில குடுத்துட்ட."

"ஒராளாவது பிழைக்கட்டும் மாமி."

"யாருன்னு நீதான் எழுதிவச்சியா?"

மாமி கட்டிலுக்குப் போய்ப் புருசனின் பாதத்தைத் தேய்த்துவிடத் தொடங்கினாள். சில்லிட்டிருந்தது. தேய்த்துக்கொண்டே மருமகளிடம் போனை வாங்கி வீட்டுக்கு அழைத்தாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். பக்கத்து வீட்டு நேசத்தை அழைத்தாள். நேசம் கதைத்ததைக் கேட்டுக்கொண்டிருந்தவளின் கை புருசனின் காலிலேயே நின்றுவிட்டது.

"பொலிசு ஜீப்பு வந்துருக்காம்," என்றாள். "வாசல்ல நிக்குதாம். இன்னும் போகலயாம்."

மூன்றரைக்கு நேர்ஸ் பிரஷர் பார்த்தாள். "தொண்ணூறு. காலையை விடக் கொஞ்சம் நல்லம்." இருளப்பன் தண்ணீர் கேட்டார். மாமி செவ்விளநீரை இந்தமுறை மோந்து பார்க்காமல் கரண்டியால் வாயில் விட்டாள்.

நாலு மணிக்கு டொக்டர் தன் அறைக் கண்ணாடிக் கதவைத் திறந்து கொறற்றியைக் கையசைத்துக் கூப்பிட்டார். உள்ளே மேசையில் போன் கழற்றி வைத்திருந்தது. டொக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"பொலிஸ். கொட்டாஞ்சேனையில ஒரு வீட்டில இருந்து கதைக்கினம். பூபாலசிங்கம் எண்டவரின்ர கிளினிக் கொப்பி இந்த வார்ட்டில இருக்குதா, அவர் உண்மையிலேயே இஞ்ச வைத்தியம் எடுக்கிறவரா எண்டு கேக்கினம். நான் என்ன சொல்ல?"

கொறற்றி அந்த முகத்தை மறுபடி பார்த்தாள். உண்மையில் கேட்கிறாரா, கொறற்றியின் வாயாலேயே சொல்ல வைக்கப் பார்க்கிறாரா என்று பிடிபடவில்லை. மேசையில் கிடந்த போனுக்குள் யாரோ ஒருவன் இருமினான்.

"கொப்பி இருக்குது எண்டு சொல்லுங்கோ. அது உண்மைதானே."

"மற்றக் கேள்விக்கு?"

கொறற்றி கட்டில் பக்கம் திரும்பினாள். இராமலெட்சுமி அவளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். மாமியின் மூச்சு கழுத்தில் பட்டது.

டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

கண்ணாடிக்கு அப்பால் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. இருக்கு என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் முடியவேண்டிய பேச்சு. ஒரு நிமிடம் போனது. இரண்டு, மூன்று நிமிடம் போனது.

"என்னா சொல்றா?" மாமி மருமகளின் தோளைப் பிடித்தாள். "வாயப் பாத்துச் சொல்லு, என்னா சொல்றா?"

"தெரியேல்ல மாமி."

டொக்டர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சாவியை எடுத்தார். லாச்சியைத் திறந்தார். கொப்பியை மேசையில் விரித்து, பூபாலசிங்கத்தின் பேரும் வயதும் ஊரும் எழுதியிருந்த முதல் பக்கத்தில் விரலை வைத்து, வரி வரியாக வாசித்துச் சொல்லத் தொடங்கினார்.